எஞ்சினை வேகவைக்காமல் பறப்பது எப்படி? போர் விமான சிமுலேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் காலத்துப் பிஸ்டன் எஞ்சின் விமானங்களை டிசிஎஸ், ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், வார் தண்டர் மாதிரியான சிமுலேட்டர்களில் ஓட்ட வருபவர்களில் பலர், எதிரி கண்ணில் படுவதற்கு முன்பே எஞ்சின் சூடேறி விழுந்துவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு கடன் மாதிரி. முழு சக்தியில் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் கடன் ஏறுகிறது. சக்தியைக் குறைத்து வேகமாகப் பறக்கும் நேரத்தில்தான் அது அடைகிறது.

எஞ்சின் ஏன் இவ்வளவு சீக்கிரம் சூடாகிறது?

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் குறைவாகத்தான், புரொப்பெல்லரைச் சுழற்றப் போகிறது. மீதியில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் குழாய் வழியாக வெளியேறிவிடும். மிச்சத்தைக் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவமும் ஆயிலும் சிலிண்டர்களை உரசிப் போகும் காற்றும்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பி-51டி மஸ்டாங்கின் எஞ்சின் டேக்-ஆஃப் நேரத்தில் சுமார் 1,500 குதிரைத்திறன் தருகிறது. அந்த நேரத்தில், கூலன்ட்டைக் காற்றால் குளிர்விக்கும் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டிய சூடும் நூற்றுக்கணக்கான குதிரைத்திறனுக்குச் சமம்.

அந்தச் சூடு வெளியே போகுமா, உள்ளேயே தங்குமா என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: எவ்வளவு சக்தி கேட்கிறீர்கள், எவ்வளவு வேகத்தில் பறக்கிறீர்கள், ரேடியேட்டர் வழியாகக் காற்றைப் போக விடும் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, வெளியே காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது. புதியவர்கள் மூன்றாவதை மட்டுமே பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் பெரியது. மணிக்கு 250 கிலோமீட்டரில் முழு சக்தியோடு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும் விமானத்தில், கதவை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் உள்ளே வரும் காற்று போதாது.

எந்த மீட்டரைப் பார்க்க வேண்டும்?

மஸ்டாங், ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109, யாக் போன்ற கூலன்ட் ஓடும் எஞ்சின்களில் இரண்டு முட்கள்: கூலன்ட், ஆயில். பி-47, ஃபோக்கவுல்ஃப் 190ஏ, லா-5 போன்ற காற்றால் குளிரும் ரேடியல் (சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கிய) எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட் வெப்பநிலையும் ஆயிலும். எல்லா விமானத்திலும் எல்லா மீட்டரும் இருக்காது, இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

சில எண்களை மனப்பாடமாகவே வைத்திருப்பது நல்லது. பி-51டி-யில் கூலன்ட் 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் ஆரோக்கியம், 121 எல்லை. ஆயில் 70 முதல் 80 வரை சரி, 90 எல்லை. மெர்லின் 66 எஞ்சின் உள்ள ஸ்பிட்ஃபயர் 9-ல், தொடர்ந்து ஏறும் சக்தியில் கூலன்ட் 125 வரை போகலாம். போர்ச் சக்தியில், அதாவது சண்டைக்கென்று அனுமதித்த அதிகபட்ச சக்தியில், 5 நிமிடத்துக்கு மட்டும் 135 வரை அனுமதி. பி-47-ல் மிலிட்டரி பவரில் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அனுமதித்த உயர் சக்தி) சிலிண்டர் ஹெட் 260 டிகிரி வரை தாங்கும். ஒரே மெர்லின் குடும்பத்து எஞ்சின்தான், ஆனால் மஸ்டாங்குக்கு ஓர் எல்லை, ஸ்பிட்ஃபயருக்கு வேறோர் எல்லை. ஒரு விமானத்தின் எண்ணை இன்னொன்றுக்குக் கடன் வாங்காதீர்கள்.

எண்ணைவிட முக்கியம், முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. அத்தனை லிட்டர் கூலன்ட், அத்தனை கிலோ உலோகம் சூடேற நேரம் எடுக்கும். அதனால் முள் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வரும். ஆயில் முள் இன்னும் சோம்பேறி. 110-ல் அசையாமல் நிற்கும் முள்ளைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். 100-ல் இருந்தபடி கண்ணுக்குத் தெரிய ஏறிக்கொண்டிருக்கும் முள்தான் கவலை.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. முதலில் என்ன செய்வது?

மூக்கைத் தாழ்த்துங்கள். முதலில் அதுதான். உயரத்தைக் கொஞ்சம் கொடுத்து வேகத்தை வாங்குங்கள், ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும். கூடவே த்ராட்டிலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) குறையுங்கள், பிறகு ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) குறையுங்கள். ரேடியேட்டர் கையால் இயக்குவதாக இருந்தால் முழுதாகத் திறங்கள். மிக்ஸ்சர், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையின் அளவு, உங்கள் கையில் இருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்) பக்கம் வையுங்கள். மிகுதியாகப் போகும் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

பலர் செய்யும் தவறு, த்ராட்டிலை ஐடிலுக்கு (மிகக் குறைந்த நிலைக்கு) இழுத்துவிட்டு மட்டமாகப் பறந்து காத்திருப்பது. சூடு உண்டாவது குறையும், உண்மைதான். ஆனால் வேகமும் சரிந்துவிடும். சண்டைக்கு நடுவில் சக்தியும் இல்லாமல் வேகமும் இல்லாமல் நிற்பது சாவை அழைப்பதுதான். மஸ்டாங்கில் 40 அங்குல மேனிஃபோல்ட் பிரஷர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), 2,500 ஆர்பிஎம் அளவுக்கு இறக்கி, மெல்லிய டைவில் (மூக்கைத் தாழ்த்தி இறங்குவது) போனாலே முள் திரும்பத் தொடங்கும்.

ஐஎல்-2 சிமுலேட்டரில் ஒரு சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாக்-1-ல் ஒரு 109-ஐத் துரத்தி ஏறிக்கொண்டே இருந்தேன். அவன் எனக்கு மேலே, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலவே தெரிந்தான். தண்ணீர் சூடாகிறது என்ற எச்சரிக்கை திரையில் வந்தது, கண்டுகொள்ளவில்லை. கண்ணாடியில் ஆயில் தெறித்து முன்னால் எதுவும் தெரியாமல் போனபோதுதான் கையை எடுத்தேன். அவன் சுடவே இல்லை. ஏறினான், நான் பின்னாலேயே போனேன், அவ்வளவுதான். அந்த 109-ல் இருந்தவர் என் ரேடியேட்டரைத்தான் குறிவைத்திருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. எதிரியைச் சூடேற வைப்பதும் ஒரு தாக்குதல்.

ரேடியேட்டரை எப்போதும் முழுதாகத் திறந்து வைத்துவிட்டால் போதாதா?

சூடேறாது, சரி. ஆனால் திறந்த கதவு காற்றில் முட்டி இழுக்கும். சம பலம் உள்ள இரண்டு விமானங்களுக்குள் ஓட்டப் பந்தயம் என்றால், கதவு திறந்திருப்பவர்தான் தோற்பார்.

இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட்டில் வேலை பார்த்த மெரிடித் என்ற பொறியாளர், 1930களின் நடுவில் இதை விளக்கினார்: ரேடியேட்டருக்குள் வரும் காற்றை முதலில் விரிந்து வேகம் குறைய விட்டு, சூட்டை ஏற்ற பிறகு, குறுகலான வாய் வழியாக வேகமாக வெளியே விட்டால், ரேடியேட்டர் உண்டாக்கும் இழுவையில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். மஸ்டாங்கின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் அந்தப் பெரிய ரேடியேட்டர் குழாய் இந்தத் தத்துவத்தை நன்றாகப் பயன்படுத்திய வடிவமைப்பு. பின்பக்கக் கதவு குறுகலாக இருக்கும்போதுதான் இந்தப் பலன் கிடைக்கும். முழுதாகத் திறந்துவிட்டால் அதுவும் போய்விடும்.

இன்னொன்று: அளவுக்கு மீறிக் குளிர்வதும் எஞ்சினுக்கு நல்லதல்ல. ஆயில் கெட்டியாகி ஓட்டம் மந்தமாகும்.

என் விமானத்தில் ரேடியேட்டர் ஆட்டோமேட்டிக். அப்படியென்றால் நான் எதுவும் செய்ய வேண்டாமா?

பாதி வேலை குறையும். மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன் எஃப், ஜி, கே வகைகளில் தெர்மோஸ்டாட்டே கதவைத் திறந்து மூடும். பழைய ஈ வகையில் விமானிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிட்ஃபயர் 9-ல் கூலன்ட் சுமார் 115 டிகிரியைத் தாண்டும்போது கதவு தானாகத் திறக்கும். மஸ்டாங்கில் கூலன்ட்டுக்கும் ஆயிலுக்கும் தனித்தனி சுவிட்ச், இரண்டையும் ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவிடுங்கள்.

ஆனால் தெர்மோஸ்டாட்டால் கதவைத்தான் அசைக்க முடியும். உங்கள் த்ராட்டிலைக் குறைக்க அதற்குக் கை கிடையாது. குறைந்த வேகத்தில் முழு சக்தியில் ஏறினால் கதவு முழுதாகத் திறந்து நிற்கும், அதற்கு மேல் அதனால் ஆவதற்கு ஒன்றுமில்லை. அதோடு, நீங்கள் கேட்காமலேயே இழுவையும் கூடியிருக்கும். 109 ஓட்டும்போது வெளியே கேமராவை வைத்து இறக்கைக்கு அடியில் கதவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மட்டமாக வேகமாகப் பறக்கும்போது அது கிட்டத்தட்ட மூடியிருப்பதும், செங்குத்தாக ஏறும்போது அகலத் திறந்திருப்பதும் கண்ணுக்கே தெரியும்.

யாக், லா-5 மாதிரி எல்லாம் கையால் செய்ய வேண்டிய விமானத்தில் எப்படிச் சமாளிப்பது?

ரேடியேட்டர் கட்டுப்பாட்டைப் பட்டனில் வைக்காதீர்கள், ஆக்சிஸில் (படிப்படியாக நகர்த்தக்கூடிய கட்டுப்பாடு) வையுங்கள். த்ராட்டிலில் ஒரு சுழற்றும் திருகோ ஸ்லைடரோ இருந்தால் அதைக் கூலன்ட் ரேடியேட்டருக்குக் கொடுங்கள், இன்னொன்று இருந்தால் ஆயிலுக்கு. விரல் இருக்கும் இடத்தை வைத்தே கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியும்.

அப்புறம், விமானம் செய்யும் வேலைக்குத் தகுந்தபடி நிலைகளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வைத்திருப்பது இது: டேக்-ஆஃப், ஏற்றம் என்றால் முக்காலுக்கு மேல் திறப்பு. மட்டமாகப் போகும்போது பாதிக்கும் கீழே. எதிரி கண்ணில் பட்டதும், சண்டை தொடங்குவதற்கு முன்பே, ஒரு நிமிடம் முழுதாகத் திறந்து எஞ்சினைக் குளிர வைப்பேன். பிறகு டைவ் தொடங்கும்போது மூடிவிடுவேன். குளிர்ந்த எஞ்சினோடு சண்டைக்குள் போனால் மூடிய கதவோடு சில நிமிடம் ஓடலாம். இந்த ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பல சண்டைகளை வென்று தந்திருக்கிறது.

லா-5-ல் எஞ்சினுக்கு முன்னால் காற்று உள்ளே வரும் ஷட்டரும், பக்கவாட்டில் வெளியேறும் கதவும், ஆயில் ரேடியேட்டரும் தனித்தனி. முன் ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் அசைத்தால் வேலை எளிது.

இல்-2 தாக்குதல் விமானத்தில் ஒரு தனி விசேஷம். அதன் ஆயில் ரேடியேட்டர் வயிற்றுக்குக் கீழே கவசப் பெட்டிக்குள் இருக்கும். தரையில் உள்ள இலக்கைத் தாக்கப் போகும்போது, கீழிருந்து வரும் குண்டு படாமல் இருக்க அந்தக் கவச ஷட்டரை விமானி மூடுவார். தாக்கி முடித்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். மறந்தால் எதிரி சுடாமலேயே ஆயில் கொதித்துவிடும்.

வெப்பநிலை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எஞ்சின் போய்விட்டது. ஏன்?

சூடு ஒரு எல்லை, நேரம் வேறு ஒரு எல்லை. பி-51டி-யில் மேனிஃபோல்ட் பிரஷர் 46 அங்குலம், 2,700 ஆர்பிஎம் என்றால் எவ்வளவு நேரமும் பறக்கலாம். 61 அங்குலம், 3,000 ஆர்பிஎம் என்றால் 15 நிமிடம். 67 அங்குலம் என்றால் 5 நிமிடம். ஐஎல்-2 சிமுலேட்டர் இந்த நேர எல்லையைத் தனியாகவே கணக்கு வைக்கிறது. முள் பச்சையில் இருந்தாலும், போர்ச் சக்தியில் அனுமதித்த நேரத்தைத் தாண்டினால் எஞ்சின் சேதமாகலாம். மறுபடி குறைந்த சக்தியில் பறந்தால் அந்த நேரம் மெல்லத் திரும்பக் கிடைக்கும்.

இன்னொரு காரணம் டெட்டனேஷன். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது மேனிஃபோல்ட் பிரஷரை ஏற்றிவிட்டால், சிலிண்டருக்குள் கலவை சீராக எரியாமல் வெடிக்கும். பிஸ்டனைத் துளைக்கும் அளவுக்கு அது போகலாம், கூலன்ட் முள் அதைக் காட்டவும் காட்டாது. அதனால் வரிசை முக்கியம்: சக்தியைக் கூட்டும்போது முதலில் ஆர்பிஎம், பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ஆர்பிஎம். விரல்கள் யோசிக்காமலேயே இதைச் செய்யும்வரை பழகுங்கள்.

எம்டபிள்யூ 50 எஞ்சினைக் குளிர்விக்குமா?

ஒரு வகையில் ஆம். ஏறத்தாழ பாதி மெத்தனால், பாதி தண்ணீர் கலந்த திரவம் அது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்குள் போகும் காற்றில் அதைப் பீய்ச்சினால், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், டெட்டனேஷனைத் தடுக்கும். அதனால்தான் அவ்வளவு உயர்ந்த பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்க முடிகிறது. ஆனால் கூடுதல் சக்தி என்றால் கூடுதல் சூடு. டிசிஎஸ்-ன் 109 கே-4-ல் தொடர்ந்து 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிறகு எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் கொடுங்கள். திரவம் தீர்ந்த பிறகும் த்ராட்டிலை முழுதாகவே வைத்திருந்தால் எஞ்சின் உடைவது கிட்டத்தட்ட நிச்சயம்.

உயரே போனால் காற்று குளிர்ச்சிதானே? பிறகு ஏன் ஏறும்போது சூடாகிறது?

நல்ல கேள்வி. தரமான வளிமண்டலக் கணக்கில் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும். கடல் மட்டத்தில் 15 டிகிரி என்றால் 6,000 மீட்டரில் மைனஸ் 24. ஆனால் அங்கே காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். குளிர்ச்சி உதவுகிறது, ஆனால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும் காற்றின் அளவு குறைந்துவிடுகிறது. அதே சமயம் சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சக்தியைக் குறையாமல் காத்துக்கொண்டிருக்கிறது.

ஏறும்போது வேகத்தைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். புத்தகம் சொல்லும் சிறந்த ஏற்ற வேகத்தைவிட மணிக்கு 20, 30 கிலோமீட்டர் அதிகமாகப் போனால் ஏறும் வேகத்தில் சிறிதளவுதான் இழப்பு, சூடு நன்றாகவே குறையும். அதுவும் போதவில்லை என்றால் படிப்படியாக ஏறுங்கள்: 1,500 மீட்டர் ஏறி, ஒரு நிமிடம் மட்டமாகப் பறந்து, மறுபடி ஏறுங்கள்.

தரையிலேயே சூடேறுகிறதே?

ஸ்பிட்ஃபயருக்கு இது பிறவிக் குணம். ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது, புரொப்பெல்லர் காற்று அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஸ்டார்ட் செய்தால் டாக்சி (தரையில் ஓடுதளத்துக்கு ஓட்டிப் போவது), டாக்சி முடிந்தால் டேக்-ஆஃப், நடுவில் பேச்சு வேண்டாம். எல்லா சோதனைகளையும் முடிந்தவரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள். காத்திருக்க வேண்டியிருந்தால் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள்.

அதற்காகக் குளிர்ந்த எஞ்சினோடு கிளம்பிவிடவும் கூடாது. மஸ்டாங்கில் ஆயில் 40 டிகிரியும் கூலன்ட் 60 டிகிரியும் வரும்வரை பொறுத்திருங்கள். குளிர்கால வரைபடங்களில் இதற்குப் பல நிமிடம் ஆகலாம்.

நீண்ட டைவில் என்ன கவனிக்க வேண்டும்?

ரேடியல் எஞ்சின் என்றால் டைவுக்கு முன்பே கௌல் ஃப்ளாப்பை (எஞ்சின் மூடியில் காற்று வெளியேறும் கதவுகள்) மூடுங்கள். இழுவையும் குறையும், சிலிண்டர்கள் திடீரென்று குளிராமலும் இருக்கும். த்ராட்டிலை முழுதாக மூடாமல் கொஞ்சம் சக்தியை வைத்திருங்கள். டைவ் முடிந்து மேலே இழுக்கும்போது கதவை மறுபடி திறக்க மறந்துவிடுவதுதான் பி-47 ஓட்டுபவர்கள் அதிகம் செய்யும் பிழை.

ரேடியேட்டரில் குண்டு பட்டுவிட்டது. எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஓட்டையின் அளவைப் பொறுத்தது. வெளிக் கேமரா இல்லாத சர்வரில், பின்னால் வெள்ளைப் புகை மாதிரி நீராவி கோடு தெரிந்தால் கூலன்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம். சக்தியைக் குறையுங்கள், இருக்கும் உயரத்தைக் காப்பாற்றுங்கள், உங்கள் எல்லைக்குத் திரும்புங்கள். சில நிமிடம்தான் கிடைக்கும். நிஜ விமானங்களில் ஒரு ஆபத்து உண்டு: கூலன்ட் முழுதாக வடிந்த பிறகு, வெப்பநிலை அறியும் கருவியைத் தொட்டு எதுவும் ஓடாததால் முள் இறங்கிக்கூடக் காட்டலாம். ஒழுகத் தொடங்கிய பிறகு திடீரென்று இறங்கும் முள்ளைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

தரைத் தாக்குதலுக்கு பி-47-ஐ நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். 18 சிலிண்டர் ரேடியல் எஞ்சினில் ஒழுகக் கூலன்ட்டே கிடையாது.

ஜெட் விமானத்தில் இந்தத் தொல்லை இல்லையா?

ரேடியேட்டர் இல்லை. ஆனால் எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பநிலை இருக்கிறது. மெஸ்ஸர்ஷ்மிட் 262-ல் குறைந்த ஆர்பிஎம்மில் இருந்து த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் எஞ்சின் தீப்பிடிக்கவோ அணைந்துபோகவோ செய்யும். அந்த த்ராட்டிலை மெல்ல, மிக மெல்ல நகர்த்துங்கள்.

இதை எப்படிப் பழகுவது?

எதிரி இல்லாத ஒரு மிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால வரைபடம், நடுப்பகல். உதவி வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 1,000 மீட்டரில் மட்டமாகப் பறந்து, ஒரே சக்தியில் வைத்து, ரேடியேட்டரைக் கால், அரை, முக்கால், முழுது என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் காத்திருந்து வேகத்தையும் வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஏற்றச் சக்தியில் அதையே செய்யுங்கள். அரை மணி நேர வேலை. அந்தத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். விமானத்தை மாற்றினால் புதுத் தாள் எழுதுங்கள்.

கடைசியாகக் காதையும் பழக்குங்கள். சண்டையில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மீட்டரைப் பார்க்க முடியாது. 2,700 ஆர்பிஎம்மின் சத்தமும் 3,000-ன் சத்தமும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, எது எது என்று சொல்லிப் பார்த்து, பிறகு கண்ணைத் திறந்து முள்ளோடு ஒப்பிடுங்கள்.